இரண்டாவது திரையில் ஒரு கறை

2007 நவம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள மின்சாதனக் கடையின் முதல் மாடியில், ஒரே அளவிலான இரண்டு தட்டைத் தொலைக்காட்சிகள் அருகருகே வைக்கப்பட்டன. இடப்பக்கத் தொலைக்காட்சியோடு எச்டி டிவிடி பிளேயரும், வலப்பக்கத் தொலைக்காட்சியோடு புளூ-ரே பிளேயரும் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டுமே பழைய டிவிடியைவிடப் பலமடங்கு தெளிவாகப் படம் காட்டும் புதிய வகைப் பெட்டிகள்.

இரண்டு பெட்டிகளும் ஒரே அளவு டிஸ்க்கைத்தான் விழுங்கின. ஆனால் ஒன்றின் டிஸ்க்கை மற்றது தொடாது. படக் கம்பெனிகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து, சில படங்களை இந்தப் பக்கம் மட்டும், சில படங்களை அந்தப் பக்கம் மட்டும் வெளியிட்டுக்கொண்டிருந்தன. எந்த முகாம் நிலைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தோற்கிற பக்கத்தை வாங்கியவர் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி மிஞ்சும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே மாடிக்கு ஏறியவர்கள் இரண்டு திரைகளையும் பார்த்தார்கள், நாலு கேள்வி கேட்டார்கள், வெறுங்கையோடு இறங்கிப் போனார்கள்.

வண்ணக்காரர் மட்டும் மறுபடி மறுபடி ஏறி வந்தார்.

அது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சிடும் இடம் அது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஓட்டுகிறவர் அவ்வப்போது ஒரு தாளை உருவி, வெள்ளை விளக்கின் கீழிருக்கும் சாய்வு மேசையில் விரிப்பார். வண்ணக்காரர் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணோடு சேர்த்து, அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸைத் தாளின் மேல் வைப்பார். புள்ளிகளின் அளவு, நாலு வண்ணங்களின் பொருத்தம், எழுத்தின் ஓரம். அவர் தலையசைத்தால் மெஷின் ஓடும். கையைத் தூக்கினால் நிற்கும். முப்பது வருஷமாக அப்படித்தான்.

செப்டம்பரில் ஒருநாள் காலை, குளியலறைக் கதவின் சட்டம் நடுவில் புடைத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. மழை ஈரத்தில் மரம் ஊறியிருக்கும் என்று தடவிப் பார்த்தார். மரம் நேராக இருந்தது. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிறது என்றார். முதலில் இடது கண், பிறகு வலது. ஓரப்பார்வை தங்கும், நடுப்பார்வை போகும். எப்போது என்று கேட்டதற்கு, ஆறு மாதமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம் என்றார். கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடி, நடுவிலுள்ள புள்ளியை நேராகப் பார்க்கச் சொன்னார். கோடுகள் வளைந்தாலோ கட்டம் காணாமல் போனாலோ உடனே வரவேண்டும்.

இது மனைவிக்கு மட்டும் தெரியும். விடுதியில் படிக்கும் மகளுக்குச் சொல்லவில்லை. அச்சகத்தில் மூச்சுக்கூட விடவில்லை. கண்தான் அவருடைய உத்தியோகம். அது போய்விட்டது என்று தெரிந்தால், மேசையை விட்டு எழுந்திருக்கச் சொல்லுவார்கள்.

கட்டத்தாள் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் கேட்டுவிடுவார்.

"கோடு நேரா இருக்கா?"

"இருக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் ஓரிடத்தில் உட்காராமல் ஆனார். சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஜன்னல் பக்கம் போவார். எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளை எண்ணுகிறவர்போல நிற்பார். பெரிய தட்டை டிவி ஒன்றை வாங்கி வந்தார். பழைய டிஸ்க்குகளைப் போட்டால் அதில் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. மட்டமான தாளில் அடித்த பத்திரிகைப் படம் மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கே சலித்துக்கொண்டார். பார்க்கிற படம் எல்லாம் அவருக்குப் புள்ளியாகவே பிரிந்து விழுந்து பழகியிருந்தது. சுவரொட்டி, சோப்பு உறை, கல்யாணப் பத்திரிகை, எதையும் முழுதாகப் பார்க்கத் தெரியாது. புதிய டிஸ்க்கில் புள்ளியே தெரியாது என்று கேள்விப்பட்டார். கடலடியைப் படம் பிடித்த ஒரு தொடர் அதில் வந்திருந்தது. கண் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

மற்றவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று: பொறு.

அதிலும் மனைவியின் தம்பி அதைத் தொழிலாகவே வைத்திருந்தார். சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. மீதி நேரமெல்லாம் இணையத்தில். வீட்டில் அவருக்கு 'அடுத்த மாசம்' என்று பெயர். கைப்பேசி மாற்றுவது, பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது எதுவானாலும் அடுத்த மாதம். இரண்டு முகாம்களின் படப் பட்டியலையும் ஒப்பிப்பார். எந்தக் கம்பெனி எந்தப் பக்கம் சாயும் என்று சம்பந்தம் பேச வந்தவர்போலக் கணக்குப் போடுவார். ஆனால் எதை வாங்கலாம் என்று கேட்டால் கையை விரிப்பார்.

"ரெண்டு யானை சண்டை போடுது மாமா. நடுவுல போய் நின்னுக்கிட்டு எது நல்ல யானைன்னு கேக்குறீங்க."

"எப்ப முடியும்?"

"ஒரு வருஷம். மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்குள்ள விலையும் பாதியாகும். உங்களுக்கு என்ன அவசரம், படம் எங்கயாவது ஓடியா போகுது?"

வண்ணக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மனைவி தம்பியை, போதும் நிறுத்து என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். தம்பிக்கு அது புரியவில்லை. ரெண்டு வருஷத்துல ரெண்டையுமே படிக்கிற பெட்டி வந்தாலும் வரும் என்று தொடர்ந்தார்.

இரண்டு திரைகளும் வைக்கப்பட்ட அந்தச் சனிக்கிழமை, கணவனும் மனைவியுமாகக் கடைக்குப் போனார்கள். தம்பி கீழேயே நின்றுகொண்டார். மேலே வந்தால் தன்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள் என்றார்.

விற்பனையாளர் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். அவருக்கு எந்தப் பெட்டி போனாலும் ஒன்றுதான். அவர்கள் வந்தது முதல் போனது வரை சிரித்த முகம். வண்ணக்காரர் முதலில் மேலே எரிந்த மஞ்சள் விளக்குகளை அணைக்கச் சொன்னார். மஞ்சள் வெளிச்சத்தில் எந்த வண்ணத்தையும் தீர்மானிக்கக் கூடாது என்பது அச்சகத்துச் சட்டம். பிறகு இரண்டு படங்களையும் ஓட்டச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொன்னார்.

ஓடுகிற படத்தை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கடைக்கு வந்த மற்ற எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். அவருக்கு நின்ற தாளைப் பார்த்துத்தான் பழக்கம். இடப்பக்கத் திரையில் கடலின் ஆழம் நின்றது. கறுப்புத் தண்ணீர், ஒரு மூலையில் வெளிறிய மீன். வலப்பக்கத் திரையில் ஒரு கிழ மாலுமியின் முகம் நின்றது. வெயிலில் காய்ந்த கன்னம், வெள்ளைத் தாடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக.

வண்ணக்காரர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். வலது கண்ணை மூடினார். இடப்பக்கத் திரையின் மேல் அதை வைத்தார்.

"சார், அது தூரத்துலேர்ந்து பாக்குறதுக்கு," என்றார் விற்பனையாளர்.

"தூரத்துலேர்ந்து எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

கடலில் அவர் குறை காணவில்லை. வலப்பக்கத்துக்கு நகர்ந்தார். மாலுமியின் கன்னத்தில் லென்ஸை வைத்தார், எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார்.

"இங்க கறை இருக்கு. சாம்பல் நிறமா. அந்த இடத்துல புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு."

விற்பனையாளர் குனிந்து பார்த்தார். தனக்குத் தெரியவில்லையே என்றார். உங்களுக்குத் தெரியாது, இது என் வேலை என்றார் வண்ணக்காரர். மனைவியும் குனிந்து பார்த்தார். கன்னம் சுத்தமாக இருந்தது. கணவர் லென்ஸை வலது கன்னத்திலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து தாடிக்கும் நகர்த்தினார். போன இடமெல்லாம் கறையும் போனது. நெற்றியிலும் இருக்கிறது, தாடியிலும் இருக்கிறது என்றார். கறை திரையில் இல்லை, அவருடைய இடது கண்ணில் இருக்கிறது என்பது அந்த இடத்திலேயே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. கறுப்புக் கடலில் அது கடலோடு கடலாக மறைந்திருக்கிறது. வெளிச்சமான முகத்தில் மறைய இடமில்லை.

முன்பின் தெரியாத ஆட்களிடம், கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க என்று சொல்லி ஊசி குத்துவதுதான் மனைவியின் அன்றாட வேலை. அந்த மாடியில் அவருக்கு வாய் வரவில்லை.

"கம்ப்ரஷன்ல, படத்தைச் சுருக்கி அடைக்கிறப்ப, அப்படி வரும் சார்," என்று விற்பனையாளர் அதற்குள் ஒத்துக்கொண்டுவிட்டார். "உங்க கண்ணுதான் கண்ணு."

எச்டி டிவிடி பிளேயர் வீட்டுக்கு வந்தது. கடல் தொடரும் வந்தது. கீழே காத்திருந்த தம்பி பெட்டியின் மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு, சோபாவில் உட்காரும் வரை ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய கட்டுப்பாடு.

முதல் பத்து நாள் வண்ணக்காரர் குழந்தை மாதிரி இருந்தார். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தில் உட்கார்ந்தால் வலது கண் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தது. திருக்கை மீனின் முதுகில் இருந்த சொரசொரப்பு தெரிந்தது. மணலுக்குள் ஒளிந்த நண்டின் கண் தெரிந்தது. ஏய், இங்க வந்து பாரேன் என்று சமையலறையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பத்து நாளுக்குமேல் கை சும்மா இருக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தை நிறுத்தி, லென்ஸை வைத்தார். வெளிச்சமான பவளப்பாறையின் நடுவில் அதே சாம்பல் கறை இருந்தது.

அன்றிலிருந்து எந்த டிஸ்க்கையும் முடிவுவரை பார்க்கவில்லை. ஓட்டுவார், நிறுத்துவார், எழுந்து போய்ப் பார்ப்பார், வந்து உட்காருவார், மறுபடி ஓட்டுவார். இணைப்புக் கம்பியை மாற்றினார். பெட்டி சூடாகிறது என்று அடியில் இரண்டு மரக்கட்டை வைத்தார். டிவியை ஜன்னல் பக்கமிருந்து சுவர்ப் பக்கம் தள்ளினார்.

"நீங்க படம் பாக்குறீங்களா, இல்ல புரூஃப் பாக்குறீங்களா?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கி மிச்சத்தையும் சொல்லிவிடலாமா என்று நின்றார். கணவர் ரிமோட்டின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

வண்ணக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே ஓட்டிப் பார்த்தார்கள், குறை இல்லை. மறுவாரம் மறுபடி போனார். விற்பனையாளரின் சிரிப்பில் சற்றுத் தேய்மானம் தெரிந்தது. அச்சகத்திலும் அவர் முன்னைவிட அடிக்கடி கையைத் தூக்கினார். எழுத்துக்குள் மை நிரம்புகிறது, புள்ளி ஒட்டுகிறது என்று தாள்களைத் திருப்பி அனுப்பினார். நல்ல தாளை ஏன் திருப்புகிறார் என்று மெஷின்காரர் முணுமுணுத்தார். ஆனால் வண்ணக்காரரோடு யாரும் வாதாடுவதில்லை.

காலையில் கட்டத்தாளின் முன்னால் நின்றால் எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. மனைவிக்கு அதுதான் விளங்கவில்லை. ஒருநாள் பக்கவாட்டில் நின்று கவனித்தபோது விளங்கியது. மையின் பளபளப்பைப் பார்க்கத் தாளைச் சாய்த்துப் பார்ப்பது அவர் பழக்கம். இங்கே தாள் கதவில் ஒட்டியிருந்ததால், தலையைச் சாய்த்துக்கொண்டார். நடுப்புள்ளியை ஓரப்பார்வையால் பார்த்துவிட்டு, நேராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏமாற்றவில்லை. அப்படிப் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

2008 ஜனவரி முதல் வாரத்தில், அதுவரை இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த பெரிய படக் கம்பெனி ஒன்று, இனிமேல் புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. மறுநாள் சனிக்கிழமை. தம்பி காலையிலேயே வந்துவிட்டார்.

"மாமா, உங்க யானை உக்காந்துடுச்சு."

எழுந்திருக்காதா என்று வண்ணக்காரர் கேட்டார். இனி எழுந்திருக்காது, மற்ற கம்பெனிகளும் வரிசையாகக் கிளம்பிவிடும் என்றார் தம்பி. பிறகு, எரிகிற வீட்டில் இருந்து எதையாவது எடுத்துக் கொடுக்கிறவர்போல ஒரு யோசனையும் சொன்னார். பெட்டியில் குறை என்று கடைக்காரரை எழுத்தில் ஒத்துக்கொள்ளச் செய்தால், இதைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கிக்கொள்ளலாம். நிறுவனத்தின் பழுதுபார்ப்பவரை வரவழைக்க வேண்டும். குறை இருப்பது உண்மைதானே?

"உண்மைதான். நான் பாத்தேன்," என்று வண்ணக்காரர் எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. இப்போதே கடைக்குப் போகலாம், பழுதுபார்ப்பவரை இன்றைக்கே வரச்சொல்லலாம், கறையைக் காட்டுகிறேன், எல்லோர் முன்னாலும் காட்டுகிறேன் என்று பெட்டியின் கம்பிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

மனைவி தம்பியைப் பார்த்து, நீ கிளம்பு, அப்புறம் பேசலாம் என்றார். தம்பி கிளம்பியதும் கதவைச் சாத்தினார். குளிர்பெட்டியிலிருந்து கட்டத்தாளை உரித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க."

"நேரமாச்சும்மா, கடை திறந்துருப்பான்."

"அது மெஷின்ல இல்ல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மனைவி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ரத்தம் எடுக்கும்போது கை நகராமல் பிடிப்பதுபோல, இடது கையால் அவர் முகவாயைப் பிடித்துக்கொண்டார். வலது கண்ணை மூடச் சொன்னார். தாளை முன்னால் நீட்டினார். தலை தானாகச் சாயப் பார்த்தது. விடவில்லை.

"நேரா பாருங்க. புள்ளியைப் பாருங்க."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளி எங்க?" என்றார் அவர்.

"அங்கதான் இருக்கு."

"நடுவுல கட்டமே இல்ல."

மனைவி முகவாயை விட்டார். அவர் வலது கண்ணைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். பிறகு தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கடையிலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா எதை வாங்கியிருப்பீங்க?"

அவர் மடியிலிருந்த தாளை மடித்தார்.

"எதையும் வாங்கியிருக்க மாட்டேன்."

அதன்பிறகு அவர் கோபப்படுவார் என்று மனைவி எதிர்பார்த்தார். அழுதாலும் அழலாம் என்று நினைத்தார். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கண் மருத்துவரிடம் போவதற்கு என்று நினைத்து மனைவியும் பையை எடுத்தார். இல்லை, அச்சகத்துக்கு என்றார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறைதான், ஆனால் அரைநாள் மெஷின் ஓடும்.

"இன்னைக்கு எதுக்கு?"

"நவம்பர்லேர்ந்து இந்தக் கண்ணை வச்சுத்தான் எல்லாத்துக்கும் தலையாட்டியிருக்கேன். திருப்பின தாள் போகட்டும், அது வெறும் தாள். சரின்னு விட்ட தாள்ல என்ன போச்சோ."

ஒவ்வொரு வேலையிலும் அவர் சம்மதித்த தாளில் ஒன்றை மாதிரிக்காக எடுத்து வைப்பது அச்சகத்தின் வழக்கம். பின்பக்க அறையில் அவை தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருந்தன. வண்ணக்காரர் விளக்கைப் போட்டு, இடது கண்ணை மூடி, லென்ஸை வலது கண்ணுக்கு வைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. மூக்கு இடித்தது, கை எந்தப் பக்கம் நகர்வது என்று தடுமாறியது. திருப்பி அனுப்பிய தாள்களும் அங்கேயே ஒரு மூலையில் கிடந்தன. அவற்றைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. மெஷின்காரர் முணுமுணுத்தது நியாயம்.

விட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுப்பகல் வரை எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்குப் பிறகு குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கான பெட்டித் தாள் வந்தது. ஒரு தாளில் பல பெட்டிகள் சேர்ந்து அச்சாகும். எல்லாப் பெட்டியிலும் பக்கவாட்டில் சிறிய எழுத்தில், ஒரு வேளைக்கு 2.5 மில்லி என்று இருந்தது. இரண்டாவது வரிசையின் ஓரப்பெட்டியில் மட்டும் 25 மில்லி என்று இருந்தது. அச்சுத்தகட்டில் தூசி உட்கார்ந்து, அந்த இடத்தில் தசமப்புள்ளி விழவில்லை.

அவர் லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றி அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

வெட்டி, மடித்து, ஒட்டி, கட்டுக் கட்டாக அந்தப் பெட்டிகள் அனுப்பும் கூடத்தில் நின்றன. திங்கட்கிழமை மருந்துக் கம்பெனியின் வண்டி வரவேண்டும். வண்ணக்காரர் கூடத்துக்குப் போய் அந்தக் கட்டுகளின் மேல் 'நிறுத்து' என்று சிவப்பு மையில் எழுதினார். பிறகு மேலாளரின் அறைக்குப் போனார்.

மேலாளர் தாளைப் பார்த்தார். வண்டி போவதற்கு முன்னால் பிடித்ததற்கு நன்றி என்றார். இது எப்படி உங்கள் கண்ணில் படாமல் போனது என்று, குற்றம் சாட்டாமல், வியப்பாகத்தான் கேட்டார். சொல்லாமல் வந்துவிட அங்கேயும் ஒரு வழி இருந்தது. தூசி பிறகு விழுந்திருக்கும், மெஷின்காரர் கவனிக்கவில்லை என்றால் நம்பியிருப்பார்கள்.

"இடது கண்ணு போயிடுச்சு சார்," என்றார் வண்ணக்காரர். "வலதும் போகும். செப்டம்பர்லேர்ந்தே தெரியும்."

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். வெகுநேரம் பேசினார்கள்.

காய்ச்சல் மருந்தின் பெட்டிகள் முழுவதும் அழிக்கப்பட்டு, புதிய தகட்டில் மறுபடி அச்சாகி, ஒரு வாரம் தாமதமாக அனுப்பப்பட்டன. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி எச்டி டிவிடியை உருவாக்கிய நிறுவனம் அதன் பிளேயர்களைத் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. வண்ணக்காரரின் பெட்டி கடைக்குத் திரும்பவில்லை. கடல் தொடரை அவர் இரண்டு கண்ணையும் திறந்து, நிறுத்தாமல், முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். மார்ச் மாதம் அவர் காகிதக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். வண்ண மேசைக்கு வேறொரு ஊர் அச்சகத்திலிருந்து ஒரு பெண் நியமிக்கப்பட்டார்.